மேயர் முந்திப் போன செத்தவீடு

ஜீப் பெரிய தெருவிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பியதுமே மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு பெருமை.

"பாத்தியே பிள்ளை, இண்டைக்கு நாங்கள்தான் முதல் ஆக்கள்."

உண்மைதான். பந்தலின் கீழே பிளாஸ்ரிக் கதிரைகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை. பறைமேளக்காரர் இருவர் மதிலோடு சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒழுங்கை முகப்பிலிருந்து கட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்கொடிகள் காற்றில்லாமல் தொங்கின. முதல்நாள் மழை பெய்திருந்தது. ஈரமண் வாசத்தோடு சாம்பிராணி வாசமும் கலந்து வந்தது.

நகரத்தில் பாதிப்பேருக்குப் படிப்பித்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் காலமாகியிருந்தார். அஞ்சலிக் கூட்டம் எங்கள் மேயர் தலைமையில் என்று அறிவித்திருந்தார்கள். அதற்குத்தான் போனோம். எதற்கும் பிந்திப் போகிறவர் என்ற கெட்டபெயரை அன்றைக்காவது கழுவிவிட வேண்டுமென்று மேயர் காலையிலேயே எங்களை விரட்டிக் கிளப்பியிருந்தார்.

சாரதி குலம் அண்ணை இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். நான் மாலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். உள்ளே பெட்டியின் தலைமாட்டில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி இருந்தாள். எங்களைக் கண்டதும் திடுக்கிட்டு எழும்பினாள்.

மேயர் மாலையை வாங்கிக்கொண்டு பெட்டிக்குக் கிட்டப் போனார். அவருடைய கை ஒரு கணம் நின்றது. பிறகு குனிந்து மாலையை வைத்தார், கும்பிட்டார், கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வெளியே வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்துவிட்டு, கண்ணால் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இது எங்கடை பிரின்சிப்பல் இல்லை."

நாலு மேசை அறை

அந்தக் கதிரையில் அவரைக் கொஞ்ச நேரம் இருக்கவிட்டு, நாங்கள் யார், ஏன் இப்படி ஊர் ஊராகச் செத்தவீட்டுக்கு அலைந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

"மேயருக்கு மாநகரசபையில் என்னதான் வேலை?" என்று இந்தத் தொடரை வாசிக்கிறவர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்த அறைக்குள் போகும்வரை எனக்கும் தெரியாது. நான் கரவெட்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவள். இடமாற்றம் வந்தபோது, "மேயரின்ரை கந்தோரோ? அங்கை அரசியல்காரர் எல்லோ வருவினம்!" என்று வீட்டில் பயந்தார்கள். நானும் பயந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் நாலு மேசை, வருகிற சனம் இருக்க ஒரு நீள வாங்கு, ஒரு கண்ணாடி அலுமாரி. மேயரின் செயலாளர் என்ற பெயரில் ஒரு மேசை எனக்கு. எதிரே கணினியில் கடிதம் அடிக்கிற தங்கச்சி. மூன்றாவது மேசை இணைப்பாளருக்கு. அவரை மேயர் தன்னுடைய விருப்பத்துக்கு நியமித்திருந்தார். அவருடைய கதிரை மேயரின் கதிரையோடு வந்தது, அதோடேயே போய்விடும். எங்களுடையவை அரசாங்கக் கதிரைகள், எந்த மேயர் வந்தாலும் கால் ஆடிக்கொண்டு அங்கேயே கிடக்கும். நாலாவது மேசையில் பழைய பத்திரிகைகள் இருந்தன.

கதவடியில் அலுவலக உதவியாளர் றஹீம் நானா நிற்பார். இடம்பெயர்ந்து பல வருசம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கண்ணாடி அலுமாரியைப் பூட்டித் திறப்பை வைத்திருப்பவர் அவர்தான். அதற்குள்தான் மேயரின் அங்கியும் சங்கிலியும் இருந்தன. விசேஷக் கூட்டங்களுக்கு அவர் அலுமாரியைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசம் படிவரைக்கும் போகும். அங்கியைப் போட்டுவிட்டு, சங்கிலியை நேராக்கிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார்.

"இப்ப மாப்பிளை மாதிரி இருக்கிறீங்க சேர்."

"பொம்பிளை எங்கை நானா?" என்று கேட்டுக்கொண்டே மேயர் சபைக்குப் போவார்.

எங்கள் வேலை இல்லாத வேலைகள்

குப்பை எடுப்பது, வரி அறவிடுவது, கட்டட அனுமதி கொடுப்பது எல்லாம் ஆணையாளருடைய பக்கம். அந்த இயந்திரம் தன்பாட்டில் ஓடும். மேயர் சபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், தீர்மானங்களுக்குக் கையெழுத்து வைப்பார், வெளிநாட்டுத் தூதுவர் வந்தால் நகரத்தின் சார்பில் வரவேற்பார். பெரிய கோயில் கொடியேறுவதற்கு முன்னால் கோயிலிலிருந்து மேளதாளத்தோடு, வெற்றிலை பாக்கு பழம் வைத்த காளாஞ்சித் தட்டம் கொண்டுவருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் அதை வாங்குவதும் அவர்தான். அந்தத் தட்டத்தை அவர் வாங்கினால்தான் திருவிழாவை நகரம் பொறுப்பெடுத்ததாக அர்த்தம். ஒவ்வொரு வருசமும் அந்த நேரம் எனக்கு மயிர் கூச்செறியும்.

மிச்ச நேரமெல்லாம் சனம்.

மகனுக்கு விசா கிடைக்கவில்லை, பக்கத்து வளவுப் பலா இலை எங்கள் முற்றத்தில் விழுகிறது, மாமியார் கதைக்கிறா இல்லை, பங்குக் கிணற்றில் அவன் மோட்டர் பூட்டிவிட்டான். ஒன்றும் எங்களுடைய வேலை இல்லை. நான் வந்த புதிதில் அப்படித்தான் வாய் திறந்து சொன்னேன். உள்ளேயிருந்து மேயரின் குரல் வந்தது.

"பிள்ளை, அவரை உள்ளுக்கு விடு. நானாட்டைச் சொல்லி ஒரு தேத்தண்ணியும் குடு."

அரசியலுக்கு வரமுதல் அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். யார் எதைச் சொன்னாலும் நோயைக் கேட்கிற மாதிரித் தலையைச் சரித்துக்கொண்டு கேட்பார். பாதி வழக்குகள் தேத்தண்ணியோடேயே தீர்ந்து போகும். மீதிப் பாதியைக் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் எல்லா இடத்துக்கும் பிந்தினார். திறப்புவிழாக்களில் நாடாவை வெட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். "எங்கடை ஜீப்பைக் கண்டால் பந்தல்காரர் கழட்டத் தொடங்கீடுவாங்கள்" என்று குலம் அண்ணை சொல்லுவார்.

முந்திப் போன ஒரே இடம் அந்தச் செத்தவீடு. அதுவும் பிழையான வீடு. ஆள் இல்லாததைக் கண்டும் எங்களுக்குச் சந்தேகம் வராததற்குக் காரணமும் அதுதான். முந்தி வந்தால் இப்படித்தான் இருக்குமாக்கும் என்று நினைத்துவிட்டோம். எங்களுக்கு அதில் பழக்கமில்லையே.

எழும்புவதா, இருப்பதா

அதற்குள் குலம் அண்ணை ஒழுங்கையின் உட்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சேர், பிழை விட்டிட்டன். பிரின்சிப்பல் வீடு இன்னும் உள்ளுக்கை. அங்கை சனம் றோட்டிலையும் நிக்குது. ஒரே ஒழுங்கையிலை ரெண்டு செத்தவீடு எண்டு ஆர் கண்டது? கொடியைப் பாத்து வந்தன், பந்தலைக் கண்டன், நிப்பாட்டீட்டன். வாங்கோ, போவம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மெல்ல எழும்பி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"மாலை போட்டாச்சு. கதிரையிலை இருந்தும் ஆச்சு," என்றார் மேயர். "இப்ப எழும்பிப் போனால் அந்தப் பிள்ளைக்கு எப்பிடியிருக்கும்? அங்கை சனம் நிக்குது எண்டு நீர்தானே சொல்லுறீர். இங்கைதான் ஒருத்தரும் இல்லை."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ உள்ளுக்கை போய் இரு. பொம்பிளையளையும் காணேல்லை."

நான் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தேன். பெயர் சுகந்தி, காலமானவரின் மகள். முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறாள். தாய் முன்னமே செத்துப்போய்விட்டா, கூடப்பிறந்தவர்களும் இல்லை. பின்வீட்டு அம்மா ஒருவர் மட்டும் குசினிக்கும் விறாந்தைக்குமாக நடந்துகொண்டிருந்தா. ஐயர் ஒரு மூலையில் தர்ப்பையை ஒழுங்குபடுத்தினார். அடிக்கடி வாசலையும் பார்த்தார்.

அவள் அழவில்லை. என்னுடைய கையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். செத்தவீட்டில் முன்பின் தெரியாதவர்களும் கை பிடிக்கலாம், அதற்கு உறவு தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் அவளாகவே கதைக்கத் தொடங்கினாள்.

"அப்பாக்கு ஒரே ஒரு அண்ணைதான், அக்கா. இந்த மதிலுக்கு அங்காலைதான் வீடு. கிணத்தாலை வந்த சண்டை. பிறகு மதில் கட்டி, கோட்டிலை வழக்குப் போட்டு, கதைபேச்சு இல்லாமல் போட்டுது."

"சொல்லி அனுப்பேல்லையோ?"

"அனுப்பினனான். பின்வீட்டு அம்மாவின்ரை மகன் போய்ச் சொன்னவர். 'பொறுப்பான ஆள் ஆராவது வந்து சொல்லட்டும்' எண்டு பெரியப்பா திருப்பி அனுப்பிப்போட்டார். பொறுப்பான ஆளுக்கு நான் எங்கை போறது? காலமை நானே போய் கேற்றடியிலை நிண்டனான். கூப்பிட வாய் வரேல்லை. திரும்பி வந்திட்டன்."

பெரியப்பா போகாத வீட்டுக்குப் போய் அவரைப் பகைப்பானேன் என்று சொந்தக்காரர் எல்லோரும் வீட்டோடு இருந்துவிட்டார்கள். கதிரைகள் வெறுமையாகக் கிடந்ததற்குக் காரணம் அதுதான்.

"கொள்ளியை நானே வைப்பன் அக்கா. அதுக்குப் பயமில்லை. தூக்கிறதுக்கும் கூலிக்கு ஆள் பிடிக்கலாம். ஆனா ஆஸ்பத்திரியிலை கடைசி ரெண்டு நாளும் அப்பா, 'அண்ணை வந்திட்டாரோ, அண்ணை வந்திட்டாரோ' எண்டுதான் கேட்டவர். நான், 'வாறார் அப்பா, வந்துகொண்டிருக்கிறார்' எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான். இப்ப எடுக்கப்போகினம். பெரியப்பா முகத்தைக் காட்டாமல் அப்பாவை எப்பிடி அனுப்புறது?"

ஐயர் தொண்டையைச் செருமினார். மத்தியானத்துக்கு முன் எடுக்கவேண்டும் என்று அவர் ஏற்கனவே சொல்லியிருந்தாராம்.

பொறுப்பான ஆள்

நான் வெளியே வந்து மேயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைச் சரித்துக்கொண்டு கேட்டார். குலம் அண்ணையின் கைத்தொலைபேசி இரண்டு தடவை அடித்தது. அதிபர் வீட்டிலிருந்துதான்.

"வீடு எது?"

"இந்த மதிலுக்கு அங்காலை, சேர்."

எழும்பிச் சால்வையைச் சரிசெய்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"சேர், நீங்களோ? குலம் அண்ணையை அனுப்பலாமே."

"அந்த மனிசன் பொறுப்பான ஆளைக் கேட்டிருக்கிறார். இந்த ரவுணிலை என்னிலும் பொறுப்பான ஆள் ஆர் இருக்கினம்? எனக்குச் சம்பளம் தாறதே அதுக்குத்தானே."

செத்தவீடு சொல்லப் போவதை எங்கள் பக்கத்தில் யாரும் மரியாதையான வேலையாக எண்ணியதில்லை. அதற்கென்று ஒரு சாதி ஆட்களை ஒதுக்கி, அவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்துக் கேட்ட ஊர் இது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த வேலையைச் செய்யத்தான் எங்கள் மேயர் ஜீப்பும் இல்லாமல் நடந்தார். நான் பின்னால் போனேன்.

இரும்புக் கேற். மேயர் அதைத் தட்டவில்லை, உள்ளே கால் வைக்கவும் இல்லை. வெளியே நின்றபடி, "ஐயா!" என்று கூப்பிட்டார்.

உள்ளே நான் பார்த்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. முற்றத்து மாமர நிழலில், கேற்றைப் பார்த்தபடி ஒரு கதிரை. அதில் ஒரு பெரியவர். குளித்துத் தலை ஈரம் காயாமல், வெள்ளை வேட்டி கட்டி, சால்வையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். விறாந்தையில் இரண்டு பெடியள், அவர்களும் வேட்டியோடு. எல்லோரும் விடியவே ஆயத்தமாகிவிட்டிருந்தார்கள்.

"ஐயா, உங்கடை தம்பி காலமாயிட்டார். அதைச் சொல்லத்தான் வந்தனான். மத்தியானத்துக்கு முன்னம் எடுக்கினம். நீங்கள் வரவேணும்."

தான் மேயர் என்று அவர் சொல்லவில்லை. பெரியவருக்கு ஆளைத் தெரிந்ததோ என்னவோ, அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"இவ்வளவு நேரமும் சொல்ல ஒரு ஆள் கிடைக்கேல்லையோ?" என்று கோபமாகத்தான் தொடங்கினார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. "மதிலுக்கு இஞ்சாலை இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். சொல்லாமல் என்னெண்டு வாறது? நான் அவன்ரை அண்ணன் எல்லோ?"

"அதுதான் சொல்ல வந்தனான், ஐயா."

பெரியவர் எழும்பினார். "டேய், வாங்கோடா," என்று உள்ளுக்குக் கத்தினார்.

அவர் ஒழுங்கையில் இறங்கியதை யார் யார் எந்தெந்தப் படலையால் பார்த்துக்கொண்டிருந்தார்களோ தெரியாது. நாங்கள் பந்தலுக்குத் திரும்பமுதல் முன்வரிசை நிரம்பிவிட்டது. பெண்கள் வாயில் சேலைத்தலைப்பை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பறை அடிக்கத் தொடங்கியது.

பெரியவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, நான் வந்திட்டனடா," என்றார். அதைக் கேட்டபிறகுதான் சுகந்தி வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். யாரென்று தெரியாத ஒரு மனிதருக்காக அப்படி அழுதது அந்த ஒரு நாள்தான்.

யாரோ மேயரிடம் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "அண்ணன் வந்து கதைச்சிட்டார், அதுக்கு மேலை நான் என்ன கதைக்கிறது?" என்று மறுத்துவிட்டார். பெரியவரின் மூத்த மகன்தான் கொள்ளிக்குடம் தூக்கினான். ஒழுங்கை முகப்பு வரைக்கும் மேயர் பாடைக்குப் பின்னால் நடந்துபோனார். பெண்களோடு நான் படலையடியில் நின்றேன்.

பிந்திப் போனோம்

அதிபர் வீட்டுக்கு வழக்கம்போல் பிந்தித்தான் போனோம். கூட்டத்தை வேறொருவர் தலைமையில் தொடங்கி, முக்கால்வாசி முடித்திருந்தார்கள். மேயர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதிபரின் மகன் தடுத்துவிட்டார்.

"பறவாயில்லை ஐயா. உங்களை நாங்கள் பிந்தித்தான் எதிர்பார்த்தனாங்கள்."

கெட்ட பெயரிலும் ஒரு வசதி இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது குலம் அண்ணை ஏச்சு வாங்கக் காத்துக்கொண்டு வண்டி ஓட்டினார். மேயர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கந்தோர் வாசலில் இறங்கும்போது மட்டும், "குலம், நல்ல இடத்திலைதான் நிப்பாட்டினீர்," என்றார். குலம் அண்ணை அன்று பின்னேரம் முழுக்க ஜீப்பைக் கழுவினார்.

அந்த அறையில் வேலை செய்த காலத்தைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் வருவது நன்றிதான். சம்பளத்துக்காகப் போன இடம் அது. பயந்துகொண்டு போனவளுக்கு ஊரை நேசிக்கக் கிடைத்தது. அந்த மனிதரின் பதவிக்காலம் முடிந்து, இணைப்பாளரின் கதிரையும் போய், வேறு மேயர் வந்து, நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். இப்போதும் ஒரு வெள்ளைக்கொடியைக் கண்டால் அவரை நினைத்து மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

அந்தச் செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குக் கொஞ்சம் முன்னால் சுகந்தி எங்கள் அறைக்கு வந்தாள். அன்று பொதுமக்கள் நாள், வாங்கு நிறையச் சனம். பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்ததாகவும் அவர் கீழே நிற்பதாகவும் சொன்னாள்.

"அந்தியேட்டிக்குச் சொல்ல வந்தனான் அக்கா. ஐயாவும் கட்டாயம் வரவேணும்."

"உள்ளுக்கை ஆக்கள் நிக்கினம். கொஞ்சம் இருங்கோ."

என்னுடைய மேசைக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒண்டு சொல்லுறன். நீங்கள் பிரின்சிப்பல் வீட்டுக்கு வந்தனீங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். ஜீப் வந்து நிக்கேக்கையே விளங்கீட்டுது. 'ஐயா, அந்த வீடு உள்ளுக்கை' எண்டு சொல்லத்தான் எழும்பினனான். அதுக்கிடையிலை அவர் மாலையை வைச்சுக் கும்பிட்டார். சொன்னால் போயிடுவியள் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

நான் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஐயாவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ அக்கா. அவ்வளவு நேரம் வந்திருந்த மனிசன். வீடு மாறி வந்தது எனக்குத் தெரியும் எண்டு அறிஞ்சால் வெக்கப்படுவார்."

"நான் சொல்லமாட்டன்," என்றேன்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. மேயரே வெளியே வந்தார். சுகந்தி எழும்பிக் கும்பிட்டு, நாளையும் நேரத்தையும் சொன்னாள். பிறகு, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "ஐயா, ஒழுங்கைக்குள்ளை வந்தால் இடக்கைப் பக்கம் முதலாவது..." என்று வழி சொல்லத் தொடங்கினாள்.

"வழி சொல்லத் தேவையில்லைப் பிள்ளை," என்றார் மேயர். "எனக்கு உங்கடை வீடு தெரியும். அண்டைக்கும் தெரிஞ்சுதானே வந்தனான்."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, மேசையில் இல்லாத ஏதோவொன்றைத் தேடினேன்.